தலை-கழுத்துத் தமனிகளைக் காட்டும் மாதிரியுரு: குன்னூரிலிருந்து ஒரு மதிப்பீடு

செவிலியப் பயிற்சி மாணவியருக்கு உடற்கூறியல் நடத்தும் எங்கள் வகுப்புக்காகச் சென்ற கல்வியாண்டில் வாங்கப்பட்ட, ஆளளவுத் தலை-கழுத்து மாதிரியுரு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. ஆய்வகக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற அம்பாலாவில் தயாராகி, கோவை விற்பனையாளர் ஒருவர் வழியாக அது மலையேறி வந்தது. முகத்தின் நட்ட நடுவே வெட்டிய வலப்பாதித் தலை, காறை எலும்பு வரை கழுத்து, கழற்றி மாட்டக்கூடிய கழுத்துத் தசை, கீழ்த்தாடையின் ஒரு துண்டு, மூளையின் அரைப்பகுதி, மூளையின் அடிப்பரப்பை இருபுறமும் சேர்த்துக் காட்டும் தனித்தட்டு ஆகியவை இதில் அடங்கும். பி.வி.சி.யில் வார்த்து, தமனிகளுக்குச் சிவப்பும் சிரைகளுக்கு நீலமும் நரம்புகளுக்கு மஞ்சளும் தீட்டியிருக்கிறார்கள். விலை இருபதாயிரத்தை ஒட்டி வந்தது. இந்த விலையில் கிடைக்கும் பொருளில் அழகு பார்ப்பதில் பயனில்லை என்பதால், மாதிரியுருவில் பார்த்த இடத்தை மாணவி தன் கழுத்திலும், அடுத்து நோயாளியின் கழுத்திலும் விரல் வைத்துக் கண்டுபிடிக்கிறாளா என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டே இதை மதிப்பிடுகிறேன்.

அந்த அளவுகோலின்படி கழுத்தின் முன்பகுதி மிக நன்றாக அமைந்திருக்கிறது. தலைக்கும் மூளைக்கும் ரத்தம் கொண்டுசெல்லும் பொதுக் கரோட்டிட் தமனி மூச்சுக்குழாயின் பக்கமாக ஏறி, தைராய்டு குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில், அதாவது ஏறத்தாழ நான்காவது கழுத்தெலும்பின் (கழுத்துப் பகுதி முள்ளெலும்பின்) உயரத்தில், உட்கரோட்டிட், வெளிக்கரோட்டிட் என இரண்டாகப் பிரிவதைச் சரியான உயரத்திலேயே வார்த்திருக்கிறார்கள். மலிவான மாதிரியுருக்களில் இந்தப் பிரிவு தாடைக்கு அடியிலோ கழுத்தின் நடுவிலோ தயாரிப்பாளரின் விருப்பப்படி அமைந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பிரியும் இடத்தில் உட்கரோட்டிட் தமனியின் தொடக்கம் சற்றே புடைத்திருப்பதும் காட்டப்பட்டிருக்கிறது. ரத்த அழுத்தத்தை உணர்ந்து நாவடித்தொண்டை நரம்பு வழியே மூளைக்குச் செய்தி அனுப்பும் கரோட்டிட் சைனஸ் அதுதான். அவ்விடத்தை அழுத்தினால் சிலருக்கு இதயத் துடிப்பு குறைந்து மயக்கமே வரலாம். வயதானவர்களிடம் இந்த ஆபத்து அதிகம்.

மலையில் இந்தப் பாடத்துக்குத் தனிப் பொருத்தம் உண்டு. இங்கே டிசம்பர், ஜனவரியில் மஃப்ளரும் மங்கி குல்லாவும் இல்லாத கழுத்தைப் பார்ப்பது அரிது. மயங்கி விழுந்தவரின் நாடியைப் பார்க்க வருபவர் முதலில் கழுத்துத் துணியை முழுமையாக விலக்கியாக வேண்டும். துணிக்கு மேலே தொட்டுப் பார்த்துவிட்டு நாடி இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அடுத்து, விரல்களை மூச்சுக்குழாய்க்கும் கழுத்தின் பக்கவாட்டுத் தசையின் முன்விளிம்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், குருத்தெலும்பின் மேல்விளிம்புக்குக் கீழே வைத்து, பத்து விநாடிக்கு மிகாமல் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது. மாதிரியுருவில் அந்தத் தசையைக் கழற்றினால் தமனி எங்கே ஒளிந்திருந்தது என்பது வெளிப்படுகிறது. மறுபடி மாட்டினால் விரலுக்கு எட்டும் இடம் எவ்வளவு குறுகியது என்பதும் தெரிகிறது. பலமுறை கழற்றி மாட்டும் இந்த ஒரு பயிற்சிக்காகவே இப்பொருளை வாங்கலாம் என்பது என் கருத்து. பனிக்காலக் காலை வகுப்பில், மாணவியர் குளிர்ந்த விரலை ஒருவர் கழுத்தில் ஒருவர் வைக்கும்போது எழும் கூச்சலை மட்டும் எந்தத் தயாரிப்பாளராலும் குறைக்க முடியாது.

வெளிக்கரோட்டிட் தமனியின் கிளைகள் எட்டு. அவற்றுள் ஏழு இங்கே உண்டு. மேல் தைராய்டு, நாக்கு, முகம், பிடரி, பின்செவி ஆகியவற்றுக்கான தமனிகளும், கடைசியில் காது முன்புற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் கீழ்த்தாடைக் கழுத்தின் பின்னே பிரியும் மேல்தாடைத் தமனி, மேலோட்டப் பொட்டுத் தமனி ஆகிய இரண்டும் எண்ணிடப்பட்டிருக்கின்றன. தொண்டையின் பக்கவாட்டில் ஏறும் தொண்டைத் தமனி விடுபட்டிருக்கிறது. அது மெல்லியது, ஆழமானது, எங்கள் மாணவியர் தொடப்போகாதது. ஆகவே அதை விட்டதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஆனால் உடன் தந்த விளக்கத்தாளில் அதன் பெயரும் எண்ணும் அச்சிடப்பட்டிருப்பதால், இல்லாத தமனியை வகுப்பு முழுவதும் தேடிக்கொண்டிருக்க நேர்கிறது.

முகத் தமனியில்தான் எனக்கு உண்மையான குறை இருக்கிறது. மெல்லும் தசையின் முன்விளிம்பை ஒட்டிக் கீழ்த்தாடை எலும்பின் மீது ஏறும் அது, வாயோரம், மூக்கின் பக்கம் எனக் கண்ணின் உள்மூலை வரை செல்கிறது. வாய் திறந்து மூடவும் கன்னம் அசையவும் இடம் தருமாறு அது நெளிந்து நெளிந்தே செல்லும். மாதிரியுருவில் அதை அடிக்கோல் வைத்து வரைந்த கோட்டைப் போல நேராக ஒட்டிவிட்டிருக்கிறார்கள். நெளிவைக் காட்டாவிட்டாலும், தாடை எலும்பைக் கடக்கும் புள்ளி சரியாக இருப்பது ஆறுதல். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு மெல்லும் தசையைப் புடைக்கச் செய்து, அதன் முன்விளிம்பில் எலும்பின் மேல் விரலை வைத்தால் துடிப்பு கிடைத்துவிடும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்குள் கரடி வருவது எல்லாருக்கும் தெரிந்ததே. கரடி தாக்கினால் பெரும்பாலும் முகமும் தலையும்தான் கிழிபடும். அப்படிப்பட்ட காயத்தில் தாடை எலும்போடு சேர்த்து முகத் தமனியை அழுத்திப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது பெரிய உதவி. ஒருபக்க அழுத்தம் மட்டும் போதாமல் போகலாம், ஏனெனில் வலது, இடது முகத் தமனிகளின் கிளைகள் உதடுகளில் ஒன்றோடொன்று இணைகின்றன. வலப்பாதித் தலையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இணைப்பை எப்படிக் காட்டுவது? கரும்பலகையில் வரைந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைத்தோலைப் பொறுத்தவரை பொருள் பாராட்டுக்குரியது. காதுக்கு முன்னே ஏறி நெற்றிப் பக்கமாகவும் உச்சிப் பக்கமாகவும் இரண்டாகப் பிரியும் மேலோட்டப் பொட்டுத் தமனி, விரலால் தடவினாலே புலப்படும்படி மேடாக வார்க்கப்பட்டிருக்கிறது. கண்குழியிலிருந்து நெற்றிக்கு ஏறும் இரு சிறு தமனிகள் உட்கரோட்டிட் வழியாகவும், பொட்டு, பின்செவி, பிடரித் தமனிகள் வெளிக்கரோட்டிட் வழியாகவும் வருவதால், ஒரே தலைத்தோலில் இரண்டு ஆறுகளின் நீரும் கலக்கின்றன என்பதை இங்கே கண்ணால் காட்டலாம். தலைத்தோல் கிழிந்தால் காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வகையில் ரத்தம் கொட்டுவதற்கு, இந்த வளமான இணைப்போடு, அங்குள்ள அடர்ந்த இணைப்புத்திசு அறுந்த குழாய்களைச் சுருங்க விடாமல் வாய் திறந்தபடியே பிடித்து வைத்திருப்பதும் காரணம். திசு அடுக்கு மாதிரியுருவில் இல்லை. ஆனால் எதிர்பார்க்கவும் முடியாது.

கீழ்த்தாடைத் துண்டைக் கழற்றினால் மேல்தாடைத் தமனியும், அதிலிருந்து மேலேறி மண்டையோட்டின் அடியிலுள்ள முள்துளை வழியாக உள்ளே நுழையும் நடு மூளையுறைத் தமனியும் தெரிகின்றன. மூளையின் அரைப்பகுதியை எடுத்துவிட்டால், அத்தமனி எலும்பின் உட்புறத்தில் பதிந்து செல்லும் பள்ளமும் தெளிவாக இருக்கிறது. நெற்றிப்பொட்டின் பக்கம் நான்கு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டியே இந்தத் தமனியின் முன்கிளை போகிறது. இருசக்கர வண்டியில் கொண்டை ஊசி வளைவில் விழுந்து பொட்டில் அடிபட்டவர், சிறிது நேரம் நன்றாகப் பேசி, தேநீர் கூடக் குடித்து, அதன்பின் நினைவிழக்கும் நிகழ்வுக்குப் பல சமயம் காரணம் இந்தத் தமனி கிழிந்து மூளையுறைக்கு வெளியே ரத்தம் சேர்வதே. ‘நல்லாத்தான் இருக்கார், வீட்டுக்குப் போகட்டும்’ என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக் காட்டிவிட்டால் மாணவியர் மறப்பதில்லை. என் பார்வையில் இந்தப் பொருளின் இரண்டாவது சிறந்த பகுதி இது.

மூக்கின் உட்புறம் ஏமாற்றம் தருகிறது. நடுவே வெட்டிய தலையில் மூக்கின் பக்கச் சுவர் தெரியும். நடுச்சுவர் வெட்டோடு போய்விடும். தயாரிப்பாளர் அந்தச் சுவரைத் தனித்துண்டாகக் கூடத் தரவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வடியும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவது நடுச்சுவரின் முன்கீழ்ப் பகுதியிலிருந்துதான். லிட்டில் பகுதி என்று அழைக்கப்படும் அவ்விடத்தில் உட்கரோட்டிட், வெளிக்கரோட்டிட் ஆகிய இரண்டின் கிளைகளும் வந்து கலக்கின்றன. உறைபனி விழும் வறண்ட மாதங்களில் மூக்கின் உட்தோல் காய்ந்து வெடித்துக் குழந்தைகளுக்கு ரத்தம் வரும். அப்போது தலையைப் பின்னே சாய்க்காமல் முன்னே குனியவைத்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை இடைவிடாமல் பத்து நிமிடம் பிடித்திருக்க வேண்டும். மூக்கெலும்பின் மேல் அழுத்திப் பயனில்லை என்று விளக்க நடுச்சுவர் கையில் இருந்திருக்க வேண்டும். உதகையிலும் கொடைக்கானலிலும் விற்கப்போகிறவர்கள் இந்த ஒரு துண்டைச் சேர்த்துத் தந்தால் நல்லது.

உட்கரோட்டிட் தமனி கழுத்தில் கிளையே விடாமல் நேரே மண்டையோட்டின் அடிக்குச் சென்று, பொட்டெலும்பின் கடினமான பகுதிக்குள் இருக்கும் கால்வாயில் வளைந்து, கண்ணுக்கான தமனியைத் தந்துவிட்டு, முன் மூளைத் தமனி, நடு மூளைத் தமனி என முடிகிறது. எலும்புக்குள் போகும் பாதையைக் காட்ட ஒரு சிறு சாளரம் வெட்டியிருக்கிறார்கள். வளைவுகள் தெரிகின்றன, ஆனால் வகுப்பில் இரண்டாம் வரிசைக்கு அப்பால் எதுவும் தெரியாது. கண் தமனி மட்டும் தெளிவு. ஒரு கண்ணில் திரை இறங்கியதைப் போலப் பார்வை மறைந்து சில நிமிடங்களில் திரும்புவது, கழுத்தில் உள்ள கரோட்டிட் தமனிச் சுவரில் படிந்த கொழுப்புக் கட்டியிலிருந்து பிரிந்த துகள் இந்த வழியே சென்றதால் இருக்கலாம் என்ற எச்சரிக்கையைச் சொல்ல அது போதும்.

மூளையின் அடித்தட்டு பார்ப்பதற்கு அழகானது. கற்பிக்கும்போது எச்சரிக்கை தேவை. உடல் எடையில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 விழுக்காட்டை, நிமிடத்துக்கு 750 மில்லிலிட்டர் அளவில், பெறுகிறது. அதில் பெரும்பங்கு இரு உட்கரோட்டிட் தமனிகளாலும், மீதி இரு முதுகெலும்புத் தமனிகளாலும் வருகிறது. இவை மூளையடியில் இணைந்து உருவாக்கும் வளையத்தை ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-இல் விவரித்தார். அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. தட்டில் அது இருபுறமும் சம அளவில், எந்த இணைப்பும் மெலியாமல் வட்டமாக இருக்கிறது. மெய்யான மனிதர்களில் பலருக்கு அதன் ஏதோ ஒரு பகுதி மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். ஒரு பக்கக் கரோட்டிட் அடைபட்டாலும் ஒருவர் நடமாடுவதும், அதே அடைப்பில் மற்றொருவர் படுத்துவிடுவதும் இதைப் பொறுத்தும் அமைகிறது. விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

நடு மூளைத் தமனிக்கு இன்னும் அதிக இடம் கொடுத்திருக்கலாம். பக்கவாதத்தில் மிக அடிக்கடி பாதிக்கப்படுவது அதுவே. வாய் கோணி, எதிர்ப்பக்கக் கை தளர்ந்து, இடப்பக்கத் தமனியென்றால் பேச்சும் குழறும் நோயாளியை அடையாளம் காண்பதில் மலையில் தாமதத்துக்கு இடமே இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். தக்க மருத்துவமனைக்குக் கீழே இறங்க வேண்டிய நிலையில், கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தவருக்கு அந்த நேரத்தின் பெரும்பங்கு பாதையிலேயே கரைந்துவிடும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் கணக்கே வேறு. மாதிரியுருவின் மூளைப் பகுதியில் நடு மூளைத் தமனியின் கிளைகள் புறப்பரப்பில் பரவுவதை வண்ணத்தால் தீட்டியிருக்கிறார்களே தவிர மேடாக வார்க்கவில்லை. அந்த வண்ணமும் கைபட்டு வெளிறத் தொடங்கியிருக்கிறது.

இனி, மன்னிக்க முடியாத குறை: முதுகெலும்புத் தமனி. கைக்குச் செல்லும் சப்கிளேவியன் தமனியிலிருந்து கிளம்பி, ஏழாவது கழுத்தெலும்பின் துளையைத் தவிர்த்து ஆறாவதன் பக்கத் துளையில் நுழைந்து, ஒவ்வோர் எலும்பின் துளையாக ஏறி, முதல் எலும்பின் பின்வளைவின் மேல் கிடையாகத் திரும்பி, மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியே உள்ளே சென்று, மறுபக்கத்துத் தமனியோடு சேர்ந்து பேசிலார் தமனியாக மாறும் அந்த வியத்தகு பாதையில், இந்த மாதிரியுரு தொடக்கத்தின் ஒரு சிறு துண்டையும் முடிவையும் மட்டுமே காட்டுகிறது. கழுத்தெலும்புகளை ஒரே கட்டியாக வார்த்துவிட்டதால் நடுவழி முழுவதும் மறைந்துவிட்டது. மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மூளையடியிலிருந்தே முளைத்ததைப் போல அது நிற்கிறது. முடிதிருத்தும் கடையில் தலையைத் திருகிச் சொடக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் எங்கும் உண்டு. திடீரெனக் கழுத்தைத் திருகும்போது இந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும் என்று சொல்லி எச்சரிக்க நினைக்கும் ஆசிரியருக்கு, காட்ட வேண்டிய இடமே இங்கே இல்லை. தமனியோடு கூடிய கழுத்தெலும்பு மாதிரியுருவைத் தனியே வாங்கி இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியதாயிற்று; அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

வலப்பக்கம் மட்டும் இருப்பதால் விடுபடும் இன்னொன்று, வேர். பெருந்தமனி வளைவிலிருந்து வலப்பக்கத்துக்கு ஒரு பொதுத்தண்டு கிளம்பி அதுவே பொதுக் கரோட்டிட், சப்கிளேவியன் எனப் பிரிகிறது. இடப்பக்கத்தில் அவ்விரண்டும் வளைவிலிருந்து தனித்தனியே புறப்படுகின்றன. மாதிரியுரு காறை எலும்போடு நின்றுவிடுவதால் இதைப் படத்தில்தான் காட்ட முடியும். இதைக் குறையாக எண்ணிக்கொள்ளவில்லை. வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

பொருளின் உழைப்பு பற்றி மலைவாசிகள் தனியே கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். குன்னூரின் வடகிழக்குப் பருவமழையும் அதைத் தொடரும் மூடுபனியும் சுவரில் மாட்டிய துணிப் படங்களைப் பூஞ்சை பிடிக்கச் செய்துவிடும். காகிதக்கூழ் மாதிரியுருக்கள் உப்பிப்போகும். பி.வி.சி. இந்த வகையில் தாக்குப்பிடித்திருக்கிறது. உள்ளே பொருத்திய இரும்பு முளைகள் மட்டும் துருவேறி, கழுத்துத் தசையின் துளையில் பழுப்புக் கறையை விட்டிருக்கின்றன. பித்தளையோ எவர்சில்வரோ போட்டிருந்தால் விலை பெரிதாகக் கூடியிராது. மூடிவைக்கத் தந்த உறை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி அலமாரியில் ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு வைப்பது மேல். துடைக்கச் சோப்பு நீர் போதும், ஸ்பிரிட் தொட்டால் எண்கள் அழிகின்றன. எண்களே மிகச் சிறியவை என்பதும், விளக்கத்தாளில் தமிழ் இல்லை என்பதும் தமிழ்வழியில் படித்து வந்த மாணவியருக்குச் சுமைதான்.

விற்பனையாளரின் சேவை நடுத்தரம். பேசிய விலைக்கே கொடுத்தார். ரசீதிலும் குளறுபடி இல்லை. ஆனால் மேட்டுப்பாளையத்துக்கு மேல் கொண்டுவந்து தர மறுத்ததால், அங்கிருந்து மேலே ஏற்றுவதற்கு நாங்களே வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. தசைத்துண்டின் முளை ஒன்று வழியிலேயே முறிந்திருந்தது. மாற்றுத்துண்டு பலமுறை நினைவூட்டிய பிறகே வந்து சேர்ந்தது. தெர்மாகோலும் நெகிழி உறையுமாகச் சுற்றி அனுப்பியதைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்குத் தடையுள்ள மாவட்டத்துக்கு அனுப்பும்போது வைக்கோலும் அட்டையும் போதுமே.

செவிலியர் பயிற்சிக்கும் முதலுதவி வகுப்புக்கும் வாங்குபவர்களுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாடி பார்க்கும் இடங்கள், அழுத்திப் பிடிக்கும் இடங்கள், அழுத்தக் கூடாத இடம் ஆகிய மூன்றையும் இது நன்றாகவே கற்றுத் தருகிறது. இயன்முறை மருத்துவம் பயில்வோருக்கு, கழுத்தைத் திருப்புவதே தொழிலாக இருக்கப்போகும் அவர்களுக்கு, முதுகெலும்புத் தமனி இல்லாத கழுத்தைத் தருவது பொருத்தமில்லை. மருத்துவ மாணவர்களுக்கு உடலறுப்புக் கூடம் இருக்கிறது. அவர்களுக்கு இது தேவைப்படாது. ஆர்டர் கொடுக்கும்போதே மூக்கின் நடுச்சுவர்த் துண்டு தனியே கிடைக்குமா என்றும், முளைகள் எந்த உலோகம் என்றும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை மேட்டுப்பாளையத்திலேயே பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.